பேரிங்குக்கும் தடை

வடக்கு நாட்டின் ராணுவம் பக்கத்திலிருந்த சின்ன நாட்டுக்குள் புகுந்து, அதன் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, "இது என்றைக்குமே எங்களுடையதுதான்" என்று அறிவித்த வாரத்தில், வேறொரு நாட்டின் வெளியுறவுத் துறை அலுவலகத்தில் யாரும் நேரத்துக்கு வீடு போய்ச் சேரவில்லை. அங்கே துணைச் செயலாளராக இருந்தவளிடம் ஒரு வேலை வந்தது. இந்த விஷயத்தில் தங்கள் நாடு என்ன செய்யலாம் என்று அவள் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும்.

செயலாளர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். எதையும் பாதி கிண்டலாகத்தான் சொல்வார்.

"வன்மையாகக் கண்டிக்கிறோம், மிகுந்த கவலை கொள்கிறோம். இந்த ரெண்டு வரியும் நம்மகிட்ட எப்பவும் ஸ்டாக்ல இருக்கும்மா" என்றார்.

"போன தடவை அவங்க தீவைப் பிடிச்சப்பவும் இதே ரெண்டு வரியைத்தான் அனுப்பினோம் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வேற என்ன எழுதப் போறீங்க?"

படை அனுப்பும் வலு தங்கள் நாட்டுக்குக் கிடையாது, அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் வடக்கு நாடு இங்கிருந்து வாங்கும் சில பொருள்கள் இல்லாவிட்டால் அதன் ராணுவ லாரிகள் நீண்ட நாள் ஓடாது. அவற்றில் முக்கியமானது பேரிங். சக்கரம் சுழலும் இடமெல்லாம் அது வேண்டும், அந்தத் தரத்தில் வடக்கு நாட்டுக்காரர்களுக்குச் செய்யவும் தெரியாது. அவள் அதை எழுதினாள். நகரத்தின் ஒரே பேரிங் கம்பெனியில்தான் அவள் கணவர் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். கொழுந்தனும் அதே பிரிவில்தான் வேலை பார்த்தான்.

கூட்டத்தில் வர்த்தகத் துறை அதிகாரி எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டார். "பேரிங்கை நிறுத்தினா அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. வேற யாராவது வித்துட்டுப் போவான்."

"வேற யாராவது விப்பான்னு சொல்லிச் சொல்லித்தான் சார் எல்லா நாடும் வித்துட்டிருக்கு."

"உங்களுக்கென்ன மேடம், சுலபமா சொல்லிட்டீங்க. வேலை போறவன் வீட்டுல கேட்டுப் பாருங்க."

"என் வீட்டுலதான் சார் கேக்கணும்" என்றாள். கணவரும் கொழுந்தனும் அந்தக் கம்பெனியில் இருப்பதைச் சொன்னாள். வேண்டுமானால் இந்தப் பேச்சிலிருந்து விலகிக்கொள்வதாகவும் சொன்னாள்.

செயலாளர் கையமர்த்தினார். "இதுல உங்களுக்கு லாபம் இருந்தா வெளிய போகச் சொல்லியிருப்பேன். நஷ்டம்தானே. உக்காருங்க."

முடிவு வெளியாகும்வரை வீட்டில் வாய் திறக்கக் கூடாது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தனும் மாடியிலிருந்து இறங்கி வந்திருந்தான். அவன் மனைவிக்கு ஏழாவது மாதம். மாடியில் இன்னொரு அறை கட்டலாமா என்று அண்ணனிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாராளமா கட்டு. வடக்கு நாட்டு ஆர்டர் இந்த மாசம் ரெண்டு மடங்கு" என்றார் கணவர். "அவன் அங்க சண்டை போடறான், நமக்கு இங்க ஓவர்டைம்."

கொழுந்தன் சிரித்தான். "என்ன அண்ணி, சாப்பிடாம தட்டையே பாத்துட்டிருக்கீங்க?"

"தலைவலி" என்றாள். அதுவரை அவள் மனசின் ஒரு மூலையில், பேரிங்கை மட்டும் குறிப்பிலிருந்து எடுத்துவிடலாமா என்ற சபலம் இருந்தது. ரெண்டு மடங்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அது போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அமைச்சர் தொலைக்காட்சியில் தடையை அறிவித்தார். கணவர் அதைக் கம்பெனி கேன்டீனில் நின்றபடி கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்.

"நீதான் எழுதினியா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியே."

"சொல்லக் கூடாது."

"சொல்லக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். எழுதியே ஆகணும்னு யாராவது சொன்னாங்களா?"

அவள் அவர் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். அவரே மறுபடி கேட்டார்: "மத்த நாடெல்லாம் என்ன பண்ணுது?"

"சிலர் கண்டிச்சிருக்காங்க. சிலர் பாத்துட்டிருக்காங்க."

"அப்ப நாம மட்டும் ஏன்?"

"அந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தாங்க எல்லாரும் பாத்துட்டிருக்காங்க."

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. உப்பு, தண்ணி, சாவி என்ற அளவில் நின்றுகொண்டது. மாமியார் மட்டும் வழக்கம்போல நாள் முழுக்கத் தொலைக்காட்சிச் செய்தி பார்த்து, பள்ளத்தாக்கிலிருந்து மூட்டை முடிச்சோடு கிளம்பும் ஜனங்களைக் கண்டு "ஐயோ பாவம்" என்பார். மூத்த மகன் உள்ளே நுழைந்தால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே அவனுக்கும் ஒரு தடவை சொல்வார்.

மாதம் முடிவதற்குள் கம்பெனியில் இரண்டாவது ஷிப்டை மூடினார்கள். கொழுந்தனுக்கு வேலை போயிற்று. அவன் சண்டைக்கு வரவில்லை. படியில் எதிர்ப்பட்டபோது சுவரோரமாக ஒதுங்கி, "போங்க மேடம்" என்றான். அவளுக்கு அது கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது. வேலை போகிறவர்களுக்கு என்ன வழி என்று தன் குறிப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. யாருமே அதைக் கேட்கவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் தடதடவென்று இறங்கி வந்தான்.

"சரக்குச் சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னியாமே?"

"மெதுவாப் பேசு" என்றார் கணவர்.

"எதுக்கு மெதுவா? மேனேஜர் எங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டிருக்கார். சரக்கு வடக்குக்கே போகல. வேற நாட்டு வியாபாரிக்குத்தான் போகுது. அவன் யாருக்கு விக்கறான்னு நமக்கென்ன? நீ ஒரு கையெழுத்துப் போட்டா பதினஞ்சு குடும்பத்துக்கு அடுப்பு எரியும்."

"பேரிங்குல இருக்கற நம்ம கம்பெனி முத்திரையைத் தேய்ச்சு அழிச்சுட்டு அனுப்பச் சொல்றாங்கடா."

"தேய்ச்சா என்ன?"

சமையலறையிலிருந்த அவள் காதில் எல்லாம் விழுந்தது. அப்படியே உள்ளே நின்றுவிட்டால் கேட்காத மாதிரி இருந்துவிடலாம். ஒரு நிமிடம் நின்றும் பார்த்தாள். பிறகு வெளியே வந்தாள். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"கேட்டுட்டீங்கல்ல" என்றான் கொழுந்தன். "போய் இதையும் எழுதுங்க."

"சரக்கு கிளம்பிடுச்சா?" என்று கணவரிடம் கேட்டாள்.

"பாதி கிளம்பிடுச்சு. வேற ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்கார். துறைமுகத்துலதான் இருக்கும்."

"நாளைக்கு நான் இதைச் சொல்லியாகணுங்க."

"தெரியும்."

"உங்க வேலைக்கும் ஏதாவது ஆகலாம்."

"அதுவும் தெரியும்" என்று சொல்லிவிட்டு மறுபடி துணியை எடுத்துக்கொண்டார்.

கொழுந்தன் அண்ணனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. மாமியார் குரல் கொடுத்தார்: "அவ தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அவ வேலையும் போயிடும்டா. அப்புறம் எல்லாரும் வீட்டுல உக்காந்துட்டா நான் எங்க உக்கார்றது?"

யாரும் சிரிக்கவில்லை. கொழுந்தன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவன் போனதும் அவள் கேட்டாள்: "எனக்காகவா மாட்டேன்னீங்க?"

"உனக்காக ஒண்ணும் இல்ல. உன்மேல இன்னும் கோபம்தான்." அவர் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்ல சரக்குன்னு சொல்லி இத்தனை வருஷமா முத்திரையோட அனுப்பினேன். ஒழுங்கான வியாபாரம்னா அதை ஏன் தேய்க்கணும்? அது மட்டுந்தான்."

திங்கட்கிழமை அவள் செயலாளரிடம் சொன்னாள். துறைமுகத்தில் பெட்டிகளை நிறுத்தினார்கள். கம்பெனிக்கு அபராதம் விழுந்தது, மேனேஜரை மாற்றினார்கள். கணவரை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆனால் பேக்கிங்கிலிருந்து எடுத்து, ஜன்னலில்லாத ஸ்டோர் ரூமில் போட்டார்கள். கூட வேலை பார்த்தவர்கள் அவரோடு டீ குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஃபிளாஸ்க் மட்டும் வாங்கிக்கொண்டார்.

கொழுந்தனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமியார்தான் தினமும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். அவள் மடியில் போட்டுவிட்டு, "இதுக்கு எந்த நாடும் தெரியாது, வெச்சுக்கோ" என்பார்.

இதற்குள் மேலும் இரண்டு நாடுகள் தடையில் சேர்ந்தன. அப்புறம் மூன்றாவது நாடு ஒன்றும் வந்தது. குளிர்காலத்துக்கு முன்பு வடக்கு ராணுவம் பள்ளத்தாக்கில் பாதியை விட்டுப் பின்வாங்கியது. மீதி இன்னும் அவர்கள் கையில்தான். ஏதோ ஒரு ஹோட்டலில் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

"உங்க பேரிங்காலதான்னு சொல்ல முடியாது" என்றார் செயலாளர். "இல்லைன்னும் சொல்ல முடியாது. நம்ம வேலையில இதைவிட நிச்சயமான பதில் எதுவும் கிடைக்காது."

தடையை நீட்டிக்கும் கூட்டம் வந்தது. இந்தத் தடவை அவள் குறிப்பின் முதல் பத்தியிலேயே, வேலை இழந்தவர்களுக்கு மாதா மாதம் அரசு உதவித்தொகை தர வேண்டும் என்று எழுதியிருந்தாள். "அது இல்லாம நீட்டிக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன் சார்." வர்த்தகத் துறை அதிகாரி, "இதை முதல்லயே கேட்டிருந்தா நானே உங்க பக்கம் இருந்திருப்பேன் மேடம்" என்றார். அது உண்மை என்பதால் அவள் மறுக்கவில்லை. கேட்டதில் பாதிதான் கிடைத்தது.

அதுவும் கொழுந்தனுக்கு உதவவில்லை. அதற்குள் பக்கத்து நகரத்தில் ஒரு டிராக்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. அவன் மாடியைக் காலி செய்யும் நாளில் மினி லாரி வாசலில் நின்றது. கணவர் மெத்தைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். இரும்பு பீரோவை இறக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. அவள் புடவையைச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய், அவன் கேட்பதற்கு முன்பே ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அவன் மறுபக்கத்தைத் தூக்கினான்.

பின்பக்கமாக இறங்கியது அவள்தான். திருப்பத்தில் கால் தடுமாறியது.

"இன்னும் ஒரு படி இருக்கு. பாத்து" என்றான்.

இறக்கி முடித்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவன் கயிற்றை இழுத்துக் கட்டினான். அவள் உள்ளே போய் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்தாள்.