சாவு வீட்டிலிருந்து சாவு வீட்டுக்கு

பெஞ்சுக்கு அடியில் வைத்திருந்த குண்டான் மறுபடி நிரம்பிவிட்டது. வெற்றி அதைத் தூக்கிக்கொண்டுபோய் மாடி ஜலதாரையில் கொட்டிவிட்டு வந்தான். ஐஸ் பாரைக் காசிமேட்டிலிருந்து சைக்கிள் கேரியரில் கோணி சுற்றி அவன்தான் கொண்டுவந்திருந்தான். மீனுக்குப் போடுகிற ஐஸ். அந்தப் பக்கத்தில் வேறு என்ன ஐஸ் கிடைக்கும்? அக்கா புருஷனுக்கு மீன் ஐஸா என்று முதலில் தயங்கியவன், வெயில் ஏற ஏறத் தயக்கத்தை விட்டுவிட்டான்.

அக்கா மதி, பெஞ்சில் ஐஸ் மேல் கிடத்தியிருந்த புருஷன் அசோகனின் தலைமாட்டில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். காலையில்தான் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள். முந்தின நாள் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவன் ஏறவில்லை. கூட இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது வெறும் கனமாக வந்தான்.

வாசற்படியில் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ரஞ்சித் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி நின்றார். வந்ததிலிருந்து அவர் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடலாம்மா. வண்டி, மாலை, மோளம் எல்லாம் நம்ம பொறுப்பு. சாரே சொல்லிட்டாரு."

"உங்க சாரு வேற இன்னா சொன்னாரு?"

ரஞ்சித் கைக்குட்டையை விலக்கினார். "அசோகன் நம்ம ஆளே இல்லியாம். ரோட்ல நடந்து போனவரு, தொறந்திருந்த குழியில தவறி விழுந்துட்டாருன்னு..."

"இடுப்புல கயிறு கட்டிகினா ரோட்ல நடந்து போவாங்க?"

ரஞ்சித் கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்துக்கொண்டார். சொல்லி அனுப்பியதைச் சொல்லத்தான் வந்திருந்தார். கேள்விக்கெல்லாம் பதில் கொடுத்து அனுப்பியிருக்கவில்லை.

மறுநாள் காலை யூனியன்காரர்கள் டிவிக்காரர்களை அழைத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அசோகன் என்னிடம்தான் வேலை பார்த்தான் என்று கான்ட்ராக்டர் புவனசேகர் தன் வாயால் சொல்லும்வரை எடுக்காதே என்பது அவர்கள் சொன்ன ஒரே யோசனை. மதிக்கும் அது புரிந்திருந்தது. எரித்துவிட்டால் அவ்வளவுதான். சாம்பலுக்கு எந்தக் கம்பெனிக்காரன் பதில் சொல்லியிருக்கிறான்? ஆனால் சித்திரை வெயிலில், மூன்றாவது மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே, மீன் ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? வயிறு உப்ப ஆரம்பித்திருந்தது. ஊதுபத்தி வாசனையை மீறி இன்னொன்று வந்துகொண்டிருந்தது. மதிக்கு அது தெரியாமல் இல்லை.

"பெட்டி வந்துச்சா?" என்று கேட்டபடியே சிலுவையம்மாள் படியேறி வந்தாள். வராதது அவளுக்கே தெரியும். கோபத்தில் கேட்ட கேள்வி அது. காசிமேட்டில் மீன் விற்பவள். ஈமச்சேவைச் சங்கத்துக்குச் செயலாளர். ராயபுரத்துக் கூலித் தொழிலாளர்கள் கூடி வைத்த சங்கம் அது. ஒரு ஐஸ் பெட்டி, இரண்டு ஷாமியானா, கொஞ்சம் நாற்காலி, இவ்வளவுதான் அதன் சொத்து. யார் வீட்டுச் சாவுக்கும் காசு வாங்காமல் கொடுப்பார்கள். ஒரே ஒரு சட்டம் உண்டு. பெட்டி ஆபீசுக்குத் திரும்பாது. கடைசியாக எந்த வீட்டில் சாவு விழுந்ததோ, அந்த வீட்டுக்காரர்தான் அடுத்த சாவு வீட்டுக்கு அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சாதி, கோயில், சர்ச் எதையும் அந்தச் சட்டம் கேட்காது.

இப்போது பெட்டி சங்கத் தலைவர் அருள்பிரகாசத்தின் வீட்டில் இருந்தது. அவர் தாயாரை முந்தின நாள்தான் அடக்கம் செய்திருந்தார்கள்.

"ரிப்பேருன்றான்," என்றாள் சிலுவையம்மாள். "நேத்து அவங்கம்மா அதுலதான் கெடந்துச்சு. நானே கைய வெச்சிப் பாத்தேன், ஜில்லுனு கீது. ஒரே ராத்திரில இன்னா ரிப்பேரு?"

மதி அட்டையை வெற்றியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "வாக்கா, போலாம்."

"நீயா? புருசன் கெடக்க சொல்ல நீ வெளிய வரலாமா பொண்ணே?"

"அதுவும் சாவு வூடுதானே. எனக்கு அங்க இன்னா தீட்டு?"

கல்மண்டபம் பக்கம் அருள்பிரகாசத்தின் மாடி வீடு. முன்னறையில் தாயாரின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. தலைமுடி கலைந்து கிடந்த மதியைப் பார்த்ததும் அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

"நானே வந்து சொல்லணும்னுதான் இருந்தேன்மா. பெட்டி கூலிங் ஆவ மாட்டேங்குது. மெக்கானிக்க வரச் சொல்லிகீறேன்."

சிலுவையம்மாள் நடையில் பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்த பெட்டியருகே போய், பிளக்கைச் சொருகி, ஸ்விட்சைத் தட்டினாள். பெட்டி ஒருமுறை குலுங்கிவிட்டு உர்ரென்று ஓட ஆரம்பித்தது. மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா," என்றார் அருள்பிரகாசம், குரலைத் தணித்து. "இந்தப் பெட்டி யாரு குடுத்தது? புவனசேகர் சாரு. அடுத்த மாசம் வேன் ஒண்ணு தர்றேன்னு சொல்லிகீறாரு. அவரு பெட்டிய வெச்சே அவர எதுத்துகினா அப்பால யாரு நமக்குச் செய்வாங்க? சங்கம் நல்லா இருக்கணுமா, வேணாமா?"

"சங்கம் எதுக்குடா கீது?"

"அக்கா..."

"உங்கப்பன் இன்னாசி ஆர்பர்ல கப்பல் மூட்டை சரிஞ்சி செத்தான். மேஸ்திரி இன்னா சொன்னான்? இவன் எங்க ஆளே இல்லன்னான். ஆர்பர் கேட்டாண்ட ஐஸ் பார அடுக்கி, உங்கப்பன அது மேல போட்டு ரெண்டு நாளு குந்திகினு இருந்தோம். நீ உங்கம்மா இடுப்புல கீற. தூக்க ஆளில்ல. இதோ நிக்கிறாளே, இவ மாமனாரு நீலமேகம், குப்ப வண்டிய உட்டுட்டு வந்து மொத ஆளா தோள் குடுத்தாரு. அவரு தொட்ட பொணத்த நாங்க தொட மாட்டோம்னு நாலு பேரு ஒதுங்கினாங்க. அன்னிக்குதான் இந்தச் சட்டமே போட்டோம், அப்ப பெட்டி ஏது, ஐஸ் போடற பெஞ்சிதான். உங்கப்பன் ஐஸ்ல காத்துகினு கெடந்ததாலதான்டா உங்கம்மாவுக்கு ஆர்பர்ல வேல கெடச்சுது. நீ படிச்ச."

"தெரியும்க்கா," என்றார். தெரியும் என்பது முகத்திலேயே தெரிந்தது. மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிலுவையம்மாளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்தாள். கண்ணாடி மூடியின் மேல் பெரிய சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. 'அன்பளிப்பு: க. புவனசேகர், ஒப்பந்ததாரர்.'

"பேர மட்டும் எம்மாம் பெருசா ஒட்டிகினு கீறான் பாரு. உள்ள படுக்கப் போறவன் யாருன்னு தெரியாதாம். நாளிக்கு டிவிக்காரன் வந்து புடிக்கட்டும், ஊரே பாக்கட்டும்."

அருள்பிரகாசம் ஸ்டிக்கரைப் பார்த்தார்.

"நாளிக்கு மத்தியானம் வரிக்கும் போதும் தலைவரே," என்றாள் மதி. அங்கே வந்ததிலிருந்து அவள் பேசியது அதுதான். "அப்பால அடுத்த சாவு வூட்டுக்கு நானே தூக்கினு போயி குடுத்துர்றேன். சட்டப்படி."

"ஒரு நிமிஷம்மா," என்று செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். கதவு சாத்திக்கொண்டது. பேசும் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"நீங்க போங்க. நானே தூக்கினு வரேன்."

சிலுவையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னாசி புள்ளடா நீ," என்றாள்.

சொன்னபடியே வந்தார். செருப்பில்லாமல், தோளில் துண்டு போட்டு, பெட்டியின் முன்பக்கத்தைத் தானே பிடித்துக்கொண்டு. பின்னால் மூன்று ஆட்கள். தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். குடியிருப்பின் குறுகலான படியில் பெட்டி திரும்பவில்லை. நிமிர்த்திச் சாய்த்து, சுவரில் உரசி, அவர் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. இந்த வீட்டுப் படியை அவர் மிதித்ததே இல்லை என்று எதிர்வீட்டுக்காரி காதோடு சொன்னாள். மதி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அன்று முழுதும் வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது. மனுசன் என்று ஒருத்தராவது வந்தாரே.

அசோகனைப் பெட்டிக்குள் கிடத்தி மூடினார்கள். கொஞ்ச நேரத்தில் சில்லிப்பு ஏற, நாற்றம் அடங்கியது. குண்டானை வெற்றி கடைசியாக ஒருமுறை கொட்டிவிட்டு, கூடத்தைக் கழுவினான். ரஞ்சித்தைக் காணவில்லை. காலையிலிருந்து நச்சரித்த ஆள் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போனார் என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லோருக்கும் டீ சொல்வதற்காகச் சிலுவையம்மாள் கீழே இறங்கினாள். தூக்கி வந்த ஆட்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

"நீங்க கொஞ்சம் கண்ண மூடும்மா," என்றார் அருள்பிரகாசம். "நான் பக்கத்துல குந்திகினு கீறேன்." பெட்டியின் தலைமாட்டுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மதி சுவரில் சாய்ந்தாள். முதல் நாளிலிருந்து மூடாத கண். பெட்டியின் உறுமல் தாலாட்டுவது போலவே இருந்தது. அப்படியே அசந்துவிட்டாள்.

கர், கர் என்று எதையோ சுரண்டும் சத்தத்தில் விழித்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. அருள்பிரகாசம் பெட்டியின் மேல் குனிந்திருந்தார். கையில் பாதியாக உடைத்த ஷேவிங் பிளேடு. 'அன்பளிப்பு' போய்விட்டிருந்தது. 'க. புவன' போய்விட்டிருந்தது. மீதி எழுத்துகளின் ஓரத்தில் பிளேடைக் கொடுத்து, கண்ணாடியில் கீறல் விழாமல், பதனமாக உரித்துக்கொண்டிருந்தார். நேர் கீழே அசோகனின் முகம்.

"இன்னா பண்றீங்க தலைவரே?"

அவர் திரும்பவில்லை. கை மட்டும் ஒரு கணம் நின்றது.

"ஒண்ணுமில்லமா. கண்ணாடி கலீஜா கீது. நாளிக்கு டிவில வரும்ல."

மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். சிராய்த்த முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. சிவப்புத் துணுக்குகள் பெட்டியின் பக்கவாட்டில் உரசி, கழுவிய தரையில் விழுந்து ஒட்டிக்கொண்டன.

சாத்திய உள்ளறைக் கதவும், சொல்லாமல் போன ரஞ்சித்தும் மதிக்கு நினைவுக்கு வந்தன. தவழ்ந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். ஈரத் தரையிலிருந்து புவனசேகரின் பெயர்த் துணுக்குகளை நகத்தால் நெம்பி எடுத்து, ஒவ்வொன்றாக முந்தானையில் போட்டு முடிந்துகொண்டாள். மேலே பிளேடு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் சுரண்டச் சுரண்ட அவள் பொறுக்கினாள்.