இரண்டு பேருக்கான ஃபில்டர்

வரதன் காப்பி மெஷினின் மேல்பாகத்தைத் திருகி இறுக்கி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் ஏற்றினான். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி அவன் மனைவி கோவிந்தம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரப்பர் ஒழுங்கா உக்காந்துச்சான்னு பாருய்யா. ஆவி மூஞ்சில அடிச்சிடப் போவுது."

"கம்பெனில தெனம் வால்வு மாட்டினுகீறேன். இது இன்னா பெரிய வேலை?"

அடியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைக்கும் அந்தச் சின்ன அலுமினிய மெஷினை அவனோடு வேலை செய்யும் தானியேல் பர்மா பஜாரிலிருந்து கொண்டுவந்திருந்தான். பக்கத்தில் ஒரு பித்தளை ஃபில்டர். வீட்டில் காட்டிவிட்டு வா என்று திருவள்ளூர் பாத்திரக்கடைக்காரர் கொடுத்தனுப்பியது. இரண்டையும் வாங்க வசதியில்லை. ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கல்யாணமான வருஷம் தீவுத்திடல் பொருட்காட்சியில் இருவரும் எக்ஸ்பிரஸோ காப்பி குடித்தார்கள். பெரிய மெஷின் புஸ்ஸென்று சீறியதும் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மேலுதட்டில் நுரையோடு, நம்ம ஊட்லயும் இப்படிப் போடணும் என்றாள். ஒவ்வொரு போனஸுக்கும் வேறு ஏதாவது செலவு முந்திக்கொண்டது. இந்த வருஷம் அவள் வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். மணவாள நகர் வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்து வரதன் இந்தக் காப்பி நினைப்பாகவே திரிந்தான்.

மெஷின் கடகடத்தது. கருப்பாக டிகாஷன் மேலே பொங்கியது. பாலைக் கலந்து உயரத் தூக்கி ஆற்றி, ஒரு ஸ்பூன் அவள் வாயில் விட்டான்.

"அதே மாறிகீதா?"

"கீது." கண்ணை மூடித் திறந்தாள். "ஃபில்டரே வாங்கிக்கய்யா."

"இன்னாமே, நீதான ஆசப்பட்ட?"

"ரப்பர் தேஞ்சா எங்க போய்த் தேடுவ? நைட் ஷிப்ட் முடிஞ்சி வந்து இத்தக் கழட்டி மாட்டினு இருப்பியா? அதுல தூளப் போட்டு வெந்நி ஊத்திட்டுக் குளிக்கப் போனா, வரதுக்குள்ள எறங்கிக்கும்."

"நீ போட்டுத் தரப்போற. எனக்கு இன்னா?"

ஸ்டவ் இரைந்தது. அவள் ஃபில்டரைப் பார்த்துச் சொன்னாள்: "இதவிடச் சின்னது கீதான்னு கேளு."

வரதன் எழுந்து ஸ்டவ்வை அணைத்தான். முதுகைக் காட்டியபடியே சொன்னான்:

"ரெண்டு பேருக்குன்னு கேட்டு வாங்கினு வந்தேன். மாத்த மாட்டேன்."

"பைத்தியம்" என்றாள். கையை நீட்டினாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பிடித்துக்கொண்டான்.

மத்தியானம் பக்கத்து வீட்டு மணியம்மாள் கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"தூங்கறாக்கா. எழுப்பாத."

மணியம்மாள் குனிந்து பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைத் தொட்டாள்.

மறுநாள் சுடுகாட்டிலிருந்து வரதன் ஈர வேட்டியோடு திரும்பினான். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் நின்று, கால் சேற்றைப் பார்த்துவிட்டு, எப்போதும் போல உள்ளே குரல் கொடுத்தான்.

"கோவிந்தம்மா, தண்ணி குடு."

பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மணியம்மாள் எழுந்துபோய் ஒரு சொம்பு மொண்டு வந்தாள். அவன் ஒவ்வொரு காலாக நீட்டினான். அவள் ஊற்றினாள்.