ஐஸ் கிடங்கின் அத்திவாரம்

இராசதுரை சேரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எழுபத்து நான்காம் ஆண்டு, திருகோணமலை உட்துறைமுகக் கரையில் கட்டவிருந்த ஐஸ் கிடங்குக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது எங்கள் கந்தோர்தான். நான் அங்கே தட்டச்சு வேலை. அத்திவாரக் கணக்கு, புதிதாக வந்த கிண்ணியாப் பொறியியலாளர் மஹ்ரூப்பின் பொறுப்பு.

அதே கரையை முந்தின வருடம் துளைபோட்டு மண் பார்த்தவர் எங்கள் மூத்த பொறியியலாளர் இராசதுரை. அந்த அறிக்கையைக் கேட்டு மஹ்ரூப் போனார்.

"அது நான் வெயிலுக்குள்ள நிண்டு எடுத்தது, தம்பி. உமக்குத் தட்டில வைச்சுத் தர ஏலாது. படிச்சனீர்தானே, கணக்குப் பாரும்."

அலுமாரியைப் பூட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார், பாருங்கள்!

மஹ்ரூப் பக்கத்துக் கட்டிடத்தை வைத்து, தூண் இறங்க இருபது அடி போதும் என்று எழுதினார். முதல் கொங்கிறீற்றுத் தூண் இருபது அடி இறங்கியும் நிற்கவில்லை. அடிக்க அடிக்கச் சேற்றுக்குள் போய்க்கொண்டே இருந்தது. வேலை நின்றது. கட்டச் சொன்னவர்கள் விளக்கம் கேட்டார்கள்.

மறுநாள் மனேஜரோடும் மஹ்ரூப்போடும் இராசதுரை என் மேசைக்கு வந்தார்.

"விளக்கக் கடிதம் அடியும் பிள்ளை. இந்த நிலத்தைப் பற்றி எங்களிட்ட ஒரு குறிப்பும் இல்லை. பிழை மஹ்ரூப்பின்ர. அவரை வேலையால நிப்பாட்டுறம்."

நான் கடதாசியை உருவிக் கசக்கினேன்.

"பொய்யை அடிக்க ஏலாது சேர். நாற்பது அடிக்குச் சேறெண்டு போன வருசம் உங்கட அறிக்கையை அடிச்சதே நான்தான்!"

"டைப் அடிக்கிறவ பொறியியல் கதைக்கிறா!"

"ஓம், கதைக்கிறன். அலுமாரித் துறப்பைத் தாங்கோ, திறந்து எடுத்துக் காட்டுறன்."

மனேஜர் கையை நீட்டினார். இராசதுரை துறப்பை மேசையில் எறிந்தார்.

அறிக்கை இருந்தது. மஹ்ரூப்பை நிறுத்தும் கதையும் அதோடு நின்றது. அவர் நின்றபடியே அதை வாசித்து முடித்தார். நன்றி சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, இருபது அடியெண்டு நான் எழுதினதையும் நீங்கதானே அடிச்சீங்க?"

"ஓம்."

"அப்ப தெரியும்?"

"தெரியும் தம்பி. அடிக்கிறதை வெளியில கதைக்கக் கூடாதெண்டு..."

"பக்கத்து மேசையில இரிக்கிற நான் வெளியாளா?"

வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு எட்டுக் கடிதம் அடித்தேன். எட்டிலும் பிழை. இராசதுரையை மனதுக்குள் திட்டத் திட்டப் பிழை கூடிக்கொண்டே போனது.