துடைக்கத் தவறிய மூச்சு

1

இந்தக் கதை ஒரு வசைப்பாட்டிலிருந்து வந்தது. ஆணி என்கிற ராப் பாடகன் தன் எதிராளியை மூன்று நிமிடம் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறான். நடுநடுவே ஒரு பழைய காதல் பாட்டிலிருந்து வெட்டிய பெண்குரல்: 'வா, இங்கேயே இருக்கேன்.' குரல் என் மனைவியுடையது. அவள் இறந்து ஏழு மாதம்.

('அவள் குரல் தேன்' என்றுதான் முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவளே சிரித்திருப்பாள்.)

2

மைத்துனன் புகார்க் கடிதத்தோடு வந்தான். அவளுடைய வாரிசாக நான் கையெழுத்திட்டால் பாட்டை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்கள்.

"அக்கா குரல வச்சு எவனையோ நாறடிக்கிறான் மாமா. ஊரே காறித் துப்புது. நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க."

"உங்கக்கா என்னைத் திட்டினதைவிடவா?"

அவன் சிரிக்கவில்லை. "முழுசா ஒரு தடவையாவது கேட்டீங்களா? என்னால பாதிக்கு மேல முடியல."

3

கேட்டேன். கண்ணீர்

[வரவில்லை. எனவே அந்த வாக்கியம் வேண்டாம்.]

அந்தக் காதல் பாட்டின் குரலையும் இசையையும் கலந்து மிக்ஸ் செய்தவன் நான். வரிக்கு முன் பாடகர்கள் இழுக்கும் மூச்சைத் துடைத்தெடுப்பது எங்கள் தொழில் வழக்கம்.* அவளுடையவை நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் துடைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். ஒன்று டிரம் ஓசைக்கு அடியில் தப்பியிருக்கிறது. ஆணி டிரம்மைப் பிரித்தெடுத்து, வேகத்தைப் பாதியாக்கியிருக்கிறான். வசைகள் சட்டென்று நிற்கின்றன. அந்த அமைதிக்குள் அவள் மூச்சை இழுக்கிறாள், நீளமாக.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

நீயே பிரித்து வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். செய்து பார்த்தேன். மூச்சு வந்தது. என் கையில் அது வெறும் காற்று.

* வெட்டியதைச் சேமிப்பதில்லை. குப்பை என்போம்.

4

ஆணியைத் தொலைபேசியில் அழைத்து, நான் யாரென்று சொன்னேன்.

"எடுக்கணுமாண்ணே? சொல்லுங்க, எடுத்துடறேன்."

"அந்த மூச்சுக்கு முன்னால ஏன் எல்லாத்தையும் நிறுத்தின?"

"அவங்க பாட வர்றாங்கல்லண்ணே. அப்ப நான் எப்படிக் கத்திட்டிருக்க முடியும்?"

நான் அவளை அப்படி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

5

முடிவு ஒன்று: கையெழுத்திடுகிறேன். மைத்துனன் நிம்மதியாகத் தூங்குவான். அந்த அமைதிக்குள் வரும் மூச்சு உலகத்தில் எங்கும் இருக்காது.

முடிவு இரண்டு: மறுக்கிறேன். அவன் இந்த வீட்டுப் படி ஏறமாட்டான். அவளுடைய முகச்சாடை அவனிடம் மட்டும்தான் மிச்சம்.

இரண்டையும் என்னால் எழுத முடியவில்லை. எழுத முடிந்தது இவ்வளவுதான்: ஹெட்போனை மைத்துனன் காதில் மாட்டிவிட்டேன். கடிதம் அவன் மடியில். பாட்டில் பாதியைத் தாண்டிவிட்டான். அந்த மூச்சுக்கு இன்னும் மூன்று விநாடி. அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் பாருங்கள்.