விட்டு விட்டு வந்த வலி

ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருந்தது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். “ஊரையே ஏத்தி இறக்குறவரு, பொண்டாட்டிய மட்டும் நடக்க வைக்கிறாரு” என்று அவன் மனைவி கேலி பேசுவாள்.

அவள் கர்ப்பமாகி ஐந்தாம் மாதத்தோடு அந்தக் கேலி நின்றுபோனது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள். முதலில் முதுகு பிடித்தது. பிறகு வலி இடுப்பெலும்புக்கு இறங்கியது. ஒற்றைக் காலில் நின்று உடுத்த முடியவில்லை. படுக்கையில் புரள வேண்டுமென்றால், இரண்டு முழங்காலையும் ஒட்ட வைத்துக்கொண்டு அவன் தோளைப் பிடிப்பாள்.

“மூட்டெல்லாம் இளகுதுல்ல, அதான் வலி. குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது” என்றார் டாக்டரம்மா. “வலியோட தினுசு மாறினா மட்டும் உடனே வந்துடுங்க.”

முதல் பாதியை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். மறுபாதி எங்கோ நழுவிவிட்டது.

ஏழாம் மாதம் பிறந்த முதல் ஞாயிறு. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

“இன்னிக்கு வேற மாதிரி இருக்குங்க. விட்டு விட்டு வருது.”

“நல்லதுதானே. நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுக்கலாம்.”

அவளும் சிரித்துவிட்டாள். முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துவிட்டான். மத்தியானம் பனிக்குடம் உடைகிற வரை, இரண்டு பேரும் அதைப் பழைய வலி என்றே நம்பியிருந்தார்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, அவனும் கீழ்வீட்டு டிரைவரும் மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

பெண் குழந்தை. குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தாள். அவன் விரலை நீட்டியபோது பற்றிக்கொள்ளக்கூடச் செய்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் இல்லை.

குழந்தை போயும் இடுப்பு வலி போகவில்லை. உடம்பு பழையபடி இறுக நாளாகும் என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் சாயங்காலம் அவன் கடைக்கு அழைத்துவரப் போனான். வீட்டுக்குப் படியேறும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில், முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“நான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறதைப் பாத்துட்டு, துணி வாங்க வந்த ஒரு அம்மா எத்தனை மாசம்னு கேட்டாங்க.”

“என்ன சொன்ன?”

“ஏழுன்னு சொல்லிட்டேன். வாய்ல வேற எதுவும் வரலங்க.”

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். வலி மாறினால் உடனே வரும்படி டாக்டரம்மா சொன்னதைத் தான் மறந்துபோனதை, அத்தனை நாளும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னான்.

“என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா.”

“அவங்க சொன்னப்போ நானும் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன். என் உடம்பு. எனக்கே தெரியலையே” என்றாள்.

திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மேலேயிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். காலடிச் சத்தம் தேய்ந்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அழாதவள் அழுதாள். அவன் தேற்றவில்லை. அவனும் அழுதுகொண்டிருந்தான்.