காசுக்கு மோசமில்லாத தூண்டில்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்து, "பொழுதுபோக்குப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை வேணும் சார். விலை கூடின தூண்டிலுங்க, குடுக்கற காசுக்குத் தகுமா தகாதா? சும்மா ஜாலியா எழுதிக் குடுங்க" என்றார். தட்டில் கிடக்கும் மீனிலேயே ஒழுங்காக முள் எடுக்கத் தெரியாதவன் நான். ஆனால் என் அக்கா வீட்டுக்காரருக்குத் தூண்டில் பைத்தியம். அத்தானிடம் நாலு கேள்வி கேட்டால் வேலை முடிந்தது என்று ஒத்துக்கொண்டேன்.

வேலை முடியவில்லை. நீங்கள் வாசிப்பது அந்தக் கட்டுரையும் இல்லை.

[உண்மையைச் சொன்னால், நீங்கள் இதை வாசிக்காமல் இருப்பதுதான் எனக்கு நல்லது. கோபித்துக்கொள்ளாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.]

2

முதல் தொடக்கம்: 'நல்ல தூண்டில் என்பது மனிதனுக்கும் நீருக்கும் இடையிலான ஒரு—'

ஒரு என்ன? ஒரு மண்ணும் இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'சந்தையில் இன்று பல வகைத் தூண்டில்கள் கிடைக்கின்றன. அவற்றுள் முதலாவதாக—'

எனக்கே கொட்டாவி வந்தது.

மூன்றாவது: 'என் அத்தான் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்.'

இது பச்சைப் பொய். அத்தான் முடிதிருத்துபவர். சொந்தக் கடை, எதிரெதிரே கண்ணாடி, நடுவே இரண்டு நாற்காலி, மூலையில் சத்தம் போடுகிற மின்விசிறி. ஆளை மறைக்க வேண்டுமே என்று தொழிலை மாற்றிப் பார்த்தேன். சரிப்பட்டு வரவில்லை. கடிகாரக்காரருக்குக் கை தவறினால் கடிகாரம்தான் கெடும். அத்தான் கையில் இருப்பது சவரக்கத்தி. அதை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் பயப்பட எதுவுமே இல்லை. ஆகவே அவரை அவர் கடையிலேயே விட்டுவிடுகிறேன்.

3

நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அத்தான் கடையில் இருந்தார். அக்கா கட்டில் நிறையக் கடைத் துண்டுகளைக் குவித்து வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று தூண்டில் கம்புகள் உறை போட்டு நின்றன.

"பாரு, நல்லாப் பாரு. ஒண்ணைவிட ஒண்ணு விலை. முதல்ல வாங்கினதைக் கொஞ்ச நாள் வெச்சிருந்தாரு, சரியில்லன்னாரு. அடுத்தது வந்துச்சு. அதுவும் சரியில்லையாம். இப்போ மூணாவது. பாத்ரூம் கதவு உளுத்துப் போய்க் கிடக்கு, அதை மாத்தக் காசில்ல. இது ஒரு வியாதின்னு எழுதுடா உன் கட்டுரையில."

"எழுதறேன்க்கா."

"சிரிக்காத. காசு கெடக்கட்டும், விடு." ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "அன்னைக்கு டிவி பாத்துட்டிருக்கறப்ப அவரு கைமேல கை வெச்சேன். திரும்பிக்கூடப் பாக்கல. கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. முன்னாடியெல்லாம் என் விரல் பட்டாலே ஒரு சிரிப்பு சிரிப்பாரு, உனக்குத் தெரியாது. இப்போ மனசு பூரா அந்தக் கம்புமேலதான். நான் எதுக்கு இந்த வீட்ல?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது கிண்டல் செய்து சமாளித்திருப்பேன்.

(இந்தப் பகுதியை முதலில் எழுதியபோது அக்காவை வெறும் நச்சரிப்பாக ஆக்கியிருந்தேன். அந்தக் கைவைத்த பேச்சைத் தூக்கிவிட்டு, பாத்ரூம் கதவை மட்டும் வைத்திருந்தேன். வாசிக்கச் சிரிப்பாக இருந்தது. இப்போது வாசித்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.)

4

கடை விடுமுறையன்று அத்தானோடு ஏரிக்குப் போனேன். தண்ணீருக்குள் இறங்கும் சிமெண்டுப் படி, பக்கத்தில் மதகு, ஆள் நடமாட்டமே இல்லை. அத்தான் இரையைக் கோத்து வீசிவிட்டுக் கட்டுரைக்கு விஷயம் சொல்ல ஆரம்பித்தார்.

"மலிவுக் கம்பு கனமா இருக்கும் மாப்ள. மீன் வந்து தொட்டா அந்தத் தொடறதைக் கம்பே முழுங்கிடும். உனக்கு ஒண்ணும் வராது. விலை கூடினது கார்பன். காத்து மாதிரி இருக்கும். மீன் சும்மா மோந்து பாத்தாக்கூட நூல் வழியா, கம்பு வழியா, நேரா விரலுக்கு வந்துடும். நாம காசு குடுக்கறது அதுக்குத்தான். மத்ததெல்லாம் பெயிண்ட்டும் ஸ்டிக்கரும்."

நன்றாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் மனிதர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பின் நுனி ஆடியது. நின்று, இன்னொரு முறை ஆடியது.

"அத்தான், மீன்!"

கண்ணைத் திறந்தார். "ஆடிச்சா?"

"ரெண்டு தடவை ஆடிச்சே, தெரியலையா? தூங்கிட்டீங்களா?"

அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். அப்புறம் கம்பை என்னிடம் நீட்டினார்.

"நீ பிடி. கண்ணை மூடிக்க. கண்ணை மூடிக்கடான்னா!"

அத்தான் என்னை டா போட்டது அதுதான் முதல் தடவை. மூடிக்கொண்டேன். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நகத்தால் தட்டுவதுபோல வந்தது. டக். சும்மா இருந்தது. டக், டக். என்னைப்போல ஒரு மக்குக்கே அது தெரிந்தது.

"தெரியுதா?" என்றார் அத்தான்.

5

இங்கேதான் பேனா நின்றுவிட்டது. அவர் மூன்று தூண்டில் வாங்கியது எதற்கு என்று அந்தக் குரலைக் கேட்டதும் புரிந்துவிட்டது. கம்பு மட்டமாக இருக்க வேண்டும், கை நன்றாக இருக்க வேண்டும். அவர் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

ஒரு முடிவு: 'இல்லையே அத்தான், ஒண்ணும் தெரியல' என்கிறேன். அவர் முகம் மலர்கிறது. 'சொன்னேன்ல, இதுவும் ஏமாத்து வேலை' என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகிறார். மறுநாள் கடையைத் திறக்கிறார். ஒருவர் வந்து நாற்காலியில் சாய்ந்து, கழுத்தைக் காட்டி—

வேண்டாம்.

இன்னொரு முடிவு: 'தெரியுது அத்தான், நல்லாவே தெரியுது' என்று—

இதையும் நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? நான் வாயைத் திறப்பதற்குள் மீன் இழுத்தது, என் கை தானாகக் கம்பை வெட்டி இழுத்துவிட்டது. உள்ளங்கை அளவு கெண்டை ஒன்று எகிறி வந்து படியில் விழுந்து துடித்தது.

அத்தான் குனிந்து கொக்கியைக் கழற்றினார். மீனைத் தண்ணீரில் விட்டார். அவர் கட்டைவிரலில் கொக்கி ஏறியிருந்தது. ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்துவிட்டது. அவர்பாட்டுக்கு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அத்தான்... ரத்தம்."

பார்த்தார். கொக்கியை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்ல தூண்டில் மாப்ள. குடுத்த காசுக்கு மோசமில்ல" என்றார். அப்புறம் அழுதார்.

[ஆசிரியர் கேட்ட கட்டுரை இதோடு முடிந்தது. தகும் சார், தாராளமாகத் தகும்.]

6

"சர்க்கரையால மரத்துப் போகுதாம். விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுமாம்" என்றார், கம்பை உறையில் போட்டுக்கொண்டே. "கை சுளுக்குன்னு சொல்லி யாருக்கும் சவரம் பண்றதில்ல இப்போ. முடி மட்டும்தான் வெட்டறேன். கத்தி என் மூஞ்சிக்கு மட்டும். தினம் கண்ணாடி முன்னாடி நின்னு பழகிப் பாக்கறேன். சில நாள் உணர்ச்சி திரும்ப வந்த மாதிரியே இருக்கும்."

"என் மூஞ்சியும் இருக்கு அத்தான். அதுலயும் பழகுங்க."

"உங்கக்கா என்னைக் கொன்னு போட்டுடுவா!" என்று சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அக்காகிட்டச் சொன்னீங்களா?"

"வாயில வரல மாப்ள. கை போச்சுன்னு எப்படிச் சொல்றது? அந்தக் கைய நம்பித்தானே வந்தா." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே கேட்டார். "இதையெல்லாம் எழுதுவியா?"

"மாட்டேன். சத்தியமா மாட்டேன்."

"எழுது. எழுதி வெச்சுக்க. நல்லாயிடுச்சுன்னா கிழிச்சுப் போட்டுடு. நான் கத்தியைத் துடைச்சு ஒரேயடியா உள்ள வெச்சுட்டேன்னா உனக்கு ஒரு போன் பண்றேன். அப்போ பத்திரிகைக்குக் குடு. நீ எழுதறதை ஒண்ணு விடாமப் படிக்கறவ அவ ஒருத்திதான். படிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்."

7

காரணம் சொல்கிறேன் என்றேனே, இதுதான். இந்தக் காகிதங்கள் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அத்தானாக இருக்கக் கூடாதே என்றுதான் எடுக்கிறேன். இப்போதைக்கு இந்தக் கதைக்கு முடிவு இல்லை. முடிவு வராமலே போகட்டும். இதைச் சுக்கு நூறாகக் கிழித்து அடுப்பில் போட எனக்கு அவ்வளவு ஆசை. எழுதியதை யாரும் வாசிக்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது இதற்குத்தான்.

ஆனால் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்படியென்றால் போன் வந்துவிட்டது.

அக்கா, நீயும் இந்த வரிக்கு வந்திருப்பாய். பத்திரிகையைக் கீழே வை. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர் அடுத்த அறையில்தான் இருப்பார், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடி. கொஞ்சம் அழுத்தியே பிடி. லேசாகப் பிடித்தால் அவருக்குத் தெரியாது.