லேத்துக்கு அடியில் நின்ற தண்ணீர்

பக்கத்து வீட்டுப் பென்கா போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பிணத்தை மோந்து பார்த்தாள். நெஞ்சுக்கருகே மூக்கைக் கொண்டுபோய் ஒருமுறை இழுத்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி நிமிர்ந்தாள்.

"நேத்து மத்தியானம்தான போனான் ஸப்ரியான்? அதுக்குள்ளயா?"

"ஜூலை வெயில்ல. அதுவும் உள்ளுக்குள்ள என்னென்ன அழுகிக் கெடந்துச்சோ," என்றாள் சுவரோரம் இருந்த இன்னொரு பக்கத்து வீட்டுக்காரி.

ஸப்ரியானின் மனைவி டோங்கா சவப்பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழாமலில்லை. கழுத்து வரை சிவந்துபோய், ஜன்னலருகே நின்ற மகளைப் பார்த்தாள். ஏதாவது செய் என்கிற பார்வை.

நெவேனா ஜன்னலை அகலத் திறந்தாள். நாற்றம் இரண்டு மடங்காக உள்ளே வந்தது. கெட்ட முட்டை, சாக்கடை, அதற்கும் அடியில் எண்ணெய். ஜன்னலுக்கு நேர் கீழேதான் அப்பாவின் லேத் பட்டறையின் கதவு. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குக் காலையிலேயே தெரியும். அம்மாவின் பார்வைக்காகத்தான் திறந்தாள்.

வாசல் கேட்டில் மரண அறிவிப்பை ஒட்டிவிட்டு, விரலெல்லாம் பசையோடு கீரோ உள்ளே வந்தார். ஃபேக்டரி மூடும்வரை இருபத்திரண்டு வருடம் ஸப்ரியானுக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். பெட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். நெவேனாவை அறைக்கு வெளியே கூப்பிட்டார்.

"இது உங்கப்பன் இல்லம்மா. கீழ லேத்துல நிக்குதே கூலன்ட் தண்ணி, அது."

"தெரியும் மாமா."

"பம்ப் ஓடலியா?"

பின்னாலேயே வந்த டோங்கா பதில் சொன்னாள். "ஓடாம என்ன? படுக்கையில கெடந்த பதினேழு நாளும் அந்த மனுசன் கேட்டது அது ஒண்ணுதான். பம்ப்பப் போட்டியா, பம்ப்பப் போட்டியான்னு. இவளும், 'போட்டேன்ப்பா, பத்து நிமிஷம்'னு சொல்லுவா. நான் பக்கத்துலதான இருந்தேன்."

கீரோ நெவேனாவைப் பார்த்தார். அவள் அவருடைய செருப்பைப் பார்த்தாள்.

"ஓடினாலும் சில நேரம் கெட்டுடும்," என்றார் கீரோ.

பாதிரியார் ஒரு மணிக்கு வருவார். தெருவே வரும். அதற்குள் லேத்தின் டேங்க்கைக் கழுவாவிட்டால், ஒருநாள் தாங்காமல் நாறிப்போனவன் என்றுதான் இந்த ஊர் ஸப்ரியானை நினைவில் வைத்திருக்கும். மணி பத்தரை.

கறுப்பு உடைக்கு மேலேயே அப்பாவின் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நெவேனா கீழே இறங்கினாள். கையுறை ஒன்றுதான் கிடைத்தது, அதிலும் கட்டைவிரல் கிழிந்திருந்தது. லேத்தின் அடியிலிருந்த டேங்க்கை இழுத்தாள். அரையடி வந்து சிக்கிக்கொண்டது. காலை லேத்தில் ஊன்றி மறுபடி இழுத்தபோது ததும்பி அவள் மடியில் கொட்டியது.

கடையும் இரும்பின் சூட்டைத் தணிக்க எண்ணெய் கலந்து ஊற்றுகிற, பால் போல வெள்ளையாக இருக்கவேண்டிய தண்ணீர் அது. மேலே பழுப்பு எண்ணெய் ஆடை போலப் படிந்து தோல் கட்டியிருந்தது. கம்பியால் குத்தினாள். தோல் கிழிந்து, அடியிலிருந்து சாம்பல் நிறக் குமிழிகள் வந்து உடைந்தன. நெவேனா சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த காப்பியை வாந்தியெடுத்தாள்.

குனிய முடியாத கீரோ, வாசலில் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். "அதையும் சேத்து அள்ளு. வித்தியாசம் தெரியாது."

"சும்மா இருங்க மாமா."

"கால்வாயில ஊத்திடாத. பேரல்ல ஊத்து. கால்வாயில ஊத்தினா உங்கப்பன் எந்திரிச்சு வந்து செவுள்லயே போடுவான்."

முதலில் பக்கெட்டால் அள்ளினாள். பிறகு குப்பை முறத்தால். அடியில் இரும்புச் சுருளும் கூழும் கலந்து, கறுப்புச் சேறாக நான்கு விரல் உயரம் கிடந்தது. முறம் வழுக்கியது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கையால் வழித்தாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது. சுருள்கள் நகக்கண்ணில் ஏறின. பம்ப்பின் சல்லடையில் முடி போல ஏதோ சுற்றியிருந்தது. என்ன என்று பார்க்காமல் பிய்த்தாள்.

"எண்ணெய் மேல மூடிக்கிட்டா தண்ணிக்கு மூச்சு கெடையாது," என்றார் கீரோ, யாரிடமோ சொல்வது போல. "பம்ப்ப ஓட்டினா தண்ணி பொரண்டுக்கிட்டே இருக்கும். அவ்வளவுதான் சமாச்சாரம்."

அப்பா படுக்கையில் விழுந்த முதல் நாள் அவள் இறங்கி வந்ததென்னவோ உண்மை. சுவிட்ச் வரை கை போனது. அன்று தண்ணீர் இன்னும் கெடவில்லை. அப்பாவின் வாடைதான் அடித்தது. சின்ன வயதில் அவர் பிய்த்துக் கொடுத்த ரொட்டியில், அவர் விரல் பட்ட ஓரத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் தின்பாள். அதே வாடை. கையை இழுத்துக்கொண்டாள். சாகப்போகிறவனுக்கு லேத் எதற்கு என்று நினைத்தபடி மேலே போய், "போட்டேன்ப்பா" என்றாள். மறுநாள் அதைச் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது.

சோடா உப்புப் போட்டுத் தேய்த்து, டேங்க்கை உள்ளே தள்ளி, நல்ல தண்ணீர் ஊற்றினாள்.

"இப்ப பம்ப்பப் போடு. குழாய்க்குள்ள நிக்கிறதும் வந்துடட்டும்."

சுவிட்சைத் தட்டினாள். பம்ப் இரண்டு முறை முனகிப் பிடித்துக்கொண்டது. தேய்ந்துபோன பம்ப், லேத் அதிர்ந்தது, அவள் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. குழாயிலிருந்து கறுப்பாகக் கக்கி, சாம்பலாகி, கடைசியில் தெளிந்தது.

மேலே பேச்சுச் சத்தம் நின்றது. யாரோ மாடிப்படியின் மேல்படிக்கு வந்து நின்றார்கள். டோங்கா.

"நெவேனா, என்னடி அது? அலமாரியில கிளாஸெல்லாம் ஆடுது."

"பம்ப்பும்மா."

ஒரு படி கீழே இறங்குகிற சத்தம் கேட்டது.

"பதினேழு நாளா ஆடலயே," என்றாள் டோங்கா. பிறகு அவளுடைய காலடி திரும்பிப் போனது.

அந்த அலமாரிக்குக் கீழேதான் அப்பாவின் கட்டில் கிடந்தது. அவர் கண்ணுக்கு நேர் மேலே ஆறு கிளாஸ், பதினேழு நாளும் ஆடாமல்.

கீரோ பெட்டியிலிருந்து எழுந்து சுவிட்சை அணைத்தார். "போய்க் கையக் கழுவு," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

கழுவினாள். சோப்பு, வினிகர், பிணம் கழுவியதில் மிச்சமிருந்த ஒயின். நாற்றம் கையைவிட்டுப் போகவில்லை.

ஆனால் மேலே அறையில் இப்போது மெழுகுவர்த்தி வாசனை மட்டும்தான். பாதிரியார் வந்தார். தெரு வந்தது. யாரும் மூக்கைத் தொடவில்லை. கடைசியாக நெற்றியில் முத்தமிட நெவேனா குனிந்தபோதுதான் பின்னாலிருந்து பென்கா முணுமுணுத்தாள்.

"மறுபடி வருது பாரு. சீக்கிரம் மூடச் சொல்லுங்க."

நெவேனா திரும்பி, உள்ளங்கையை அவள் மூக்கின் முன்னால் நீட்டினாள்.

"அப்பா இல்ல அத்தை. நான்தான்."

பென்கா ஓரடி பின்னால் போனாள்.

கல்லறையில் மண் மூடியதும், வந்தவர்களுக்குக் கொடுக்கிற ரொட்டித் தட்டை டோங்கா மகளின் கையில் வைத்தாள்.

"நீயே குடு."

"அம்மா, என் கை..."

"குடு."

ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய நகங்களைப் பார்த்துக்கொண்டே, "கடவுள் மன்னிக்கட்டும்" என்று செத்தவருக்காக வழக்கமாய்ச் சொல்வதைச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். கீரோ வாங்கின இடத்திலேயே நின்று தின்றார். பென்கா இரண்டு விரல் நுனியால் வாங்கி, கேட்டருகே போனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புல்லில் போட்டாள்.

கல்லறைக் காவல்காரனின் நாய் வந்து அதை மோந்தது. மூக்கை நக்கிக்கொண்டு நகர்ந்துபோனது.

தட்டில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. நெவேனா எடுத்தாள். விரல் பட்ட ஓரம் கொஞ்சம் கறுத்திருந்தது. அந்த ஓரத்திலிருந்து கடித்தாள்.